காடு கலைத்தவர்கள்

எங்கள் தாத்தாவைப் புலி வேட்டைக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை. "துரைக்குக் காடு கலைக்கப் போனேன்" என்றுதான் சொல்வார். கவ்வாத்து வெட்டுவது, உரம் போடுவது, ரோடு போடுவது மாதிரி அதுவும் எஸ்டேட்டில் ஒரு வேலை. ஒரே வித்தியாசம், மற்ற வேலைக்கெல்லாம் செக்ரோலில் பேர் விழும். காடு கலைக்கிறதுக்கு விழாது. முந்தின நாள் சாயங்காலம் கங்காணி பாடிக்கு வந்து நிற்பான். லைன் வீடுகளுக்கு எங்கள் பக்கம் பாடி என்று பேர். "நாளைக்கு ஆம்பளைங்க யாரும் வேலைக்காட்டுக்குப் போவேண்டாம். விடியக்காலம் பங்களா வாசலுக்கு வந்துருங்க. பறையை எடுத்துட்டு வாங்க" என்பான். அவ்வளவுதான் உத்தரவு. சேர்ந்தாற்போல் நாலணாவும், கடமான் கிடைத்தால் கறியில் ஒரு பங்கும்.

கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் அது. தாத்தா சத்தியமங்கலம் அடிவாரத்துச் சேரியிலிருந்து, கங்காணி கொடுத்த முன்பணத்துக்கு மலையேறியவர். கீழே சேரியில் இருந்தபோது சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடித்தார். மேலே வந்த பிறகு புலிக்கு அடித்தார். "சாதி கீழயே நின்னுக்கும்னு நெனச்சுத்தான் மலையேறுனோம் கண்ணு. அது நமக்கு முன்னாடியே வந்து பங்களா வாசல்ல நின்னுட்டு இருந்துது" என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்குச் சிரிப்பு ரொம்ப சுலபமாக வரும். எனக்கு அந்தக் குணம் வரவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, புது மேனேஜர் வருகிறார் என்று பங்களாவைக் கழுவி விடக் கூப்பிட்டார்கள். அம்மாவோடு நானும் போனேன். கூடத்துச் சுவரில் ஒரு புலித்தலை. கண்ணாடிக் கண், சிவப்புச் சாயம் அடித்த நாக்கு. மைசூரில் வான் இங்கன் என்று ஒரு கம்பெனி இருந்தது. தென்னாட்டு ராஜாக்களும் துரைமார்களும் அடித்ததையெல்லாம் அங்கேதான் அனுப்பிப் பாடம் செய்து வாங்குவார்கள். அந்தத் தலைக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்த கர்வத்தில் படித்தேன். ஒரு தேதி. 9 அடி 4 அங்குலம். துரை பேர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுதான் உங்க சின்னத் தாத்தனைக் கடிச்சது" என்றார்.

காடு கலைக்கிறது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார்.

முதலில் ஒரு எருமைக் கன்றைக் கொண்டுபோய்க் காட்டோரம் கட்டிவைக்க வேண்டும். கட்டப் போகிறவன் நம்ம ஆள். புலி அடித்துத் தின்றுவிட்டு, வயிறு நிறைந்து பக்கத்திலேயே ஏதாவது ஓடைப் புதரில் படுத்திருக்கும். காலடி பார்த்து அது எந்தப் பொதரில் கிடக்கிறது என்று சொல்கிறவர் குறும்பர். புதருக்கு இந்தப் பக்கம் பரண். அதன் மேலே துரையும் அவருடைய விருந்தாளிகளும். பரணுக்குக் கீழே மரத்தைப் பிடித்துக்கொண்டு கங்காணி. அந்தப் பக்கம், அரைவட்டமாக எங்கள் ஆட்கள். கையில் பறை, தகரம், கொம்பு. துப்பாக்கி ஒருத்தன் கையிலும் கிடையாது. சத்தம் போட்டுக்கொண்டே, ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி விட்டு, புதருக்குள் நடக்க வேண்டும். தூங்குகிற புலியை எழுப்பி, அதுக்குப் பிடிக்காத பக்கமாக ஓட வைக்க வேண்டும். இதுதான் வேலை.

"மேல துரை, கீழ நாம, நடுவுல புலி. துரை குறி தப்புனா புலி எந்தப் பக்கம் வரும்? சொல்லு பாக்கலாம்" என்பார் தாத்தா.

அன்றைக்குக் குறி முழுதாகத் தப்பவில்லை. இடுப்பில் பட்டது. புலி திரும்பிவிட்டது. வரிசையில் தாத்தாவுக்கு அடுத்த ஆள் அவருடைய தம்பி. தோளைக் கவ்வி ஒரு உதறு உதறிவிட்டு ஓடைக்குள் இறங்கிவிட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் பர்மாங்கனேட் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். ஒன்பது நாள் இருந்தார். புலியின் பல்லில் இருக்கிற அழுகல் உள்ளே போய்விட்டால் அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. கடைசி இரண்டு நாள் நாற்றத்தில் வீட்டுக்குள் யாரும் உட்கார முடியவில்லை என்று பாட்டி சொல்லும்.

மறுநாளே துரை காலடி பிடித்துப் போய்ப் புலியை முடித்துவிட்டார். காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு தர்மம். அதில் துரை ஒரு குறையும் வைக்கவில்லை. போட்டோ எடுத்தார்கள். பிறகு அளந்தார்கள். புலியை அளக்க இரண்டு முறை இருக்கிறதாம். மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து நேராக அளப்பது ஒன்று. முதுகின் வளைவு மேலேயே நாடாவை விட்டு அளப்பது இன்னொன்று. இரண்டாவதில் சில அங்குலம் கூட வரும். அதனால் எந்த முறையில் அளந்தோம் என்று சேர்த்து எழுதுவதுதான் நாணயம். நாடாவின் ஒரு முனையைப் பிடித்தவர் எங்கள் தாத்தா. தோலை உரித்தவரும் அவர்தான். வேறு யார் உரிப்பார்கள்? தம்பி லைன் வீட்டில் முனகிக்கொண்டு கிடக்கிறான். தம்பியைக் கடித்த புலியின் தோலில் ஓட்டை விழுந்துவிடாமல் அண்ணன் பார்த்துப் பார்த்து உரிக்கிறார்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் அழவில்லை. "தோல் நல்லா வந்துது" என்றார்.

பெரிய பூனைகளை வேட்டையாடுவதற்கு என்னென்ன விதி, யாருக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைப் பிற்காலத்தில் நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். நீலகிரிக்கென்றே 1879-இல் ஒரு சட்டம் போட்டார்கள். வேட்டை விலங்குகளையும் மீனையும் காப்பதற்கு. காட்டெருது, கடமான், வரையாடு, மான் ஜாதிகள், முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை எல்லாம் அதில் இருக்கிறது. இன்ன மாதத்தில் சுடக்கூடாது, லைசென்ஸ் வேண்டும் என்று பல கட்டுப்பாடு. இந்தியா முழுமைக்கும் 1912-இல் வந்த பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் முயலுக்கு இடம் உண்டு. இரண்டிலும் புலிக்கு இடம் கிடையாது, சிறுத்தைக்கும் கிடையாது. துரைமார் சுட வேண்டிய மானைத் தின்கிற ஜென்மம் அல்லவா அது! அதைக் கொன்றால் தண்டனை இல்லை, சன்மானம். கச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினால் பணம். 1875-க்கும் 1925-க்கும் நடுவில் மட்டும் இப்படிக் கொல்லப்பட்ட புலி 80,000-க்கு மேல், சிறுத்தை ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்குக் காட்டுகிறார். இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது? சன்மானம் கொடுத்த ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வரி எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால் எண்ண முடிகிறது.

புலி அடித்துச் செத்த மனிதர்களையும் வெள்ளைக்காரன் வருஷாவருஷம் எண்ணினான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த எண்ணிக்கைதான் சன்மானத்துக்கு நியாயமாக இருந்தது. இத்தனை குடிகளைக் கொன்றுவிட்டது, ஆகவே கொல்லுவோம் என்று. யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் சின்னத் தாத்தா ஒருவேளை அந்தக் கணக்கில் வந்திருந்தால், துரையின் விளையாட்டுக்காகப் புலி முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர் என்று வந்திருக்க மாட்டார். புலி கொன்ற குடிகளில் ஒருவர் என்று வந்திருப்பார். அடுத்த புலியைச் சுடுவதற்கு அவருடைய சாவும் ஒரு காரணமாகியிருக்கும்.

வேட்டைப் புத்தகங்களும் அப்படித்தான். பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதினதில் பைரா என்று ஒரு பூசாரி வருவார். துப்புக் காட்டுகிற ஆள் என்பதால் அவருக்கு ஒற்றைப் பேராவது கிடைத்தது. பறையடித்துக்கொண்டு வந்தவர்கள் இந்த மாதிரிப் புத்தகங்களில் அநேகமாகக் கும்பல்தான்.

1994-இல் எங்கள் அத்தையைச் சிறுத்தை அடித்தது.

அப்போது நான் கீழே, ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாக இருந்தேன். இட ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைதான். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாள். அத்தை விறகு பொறுக்கப் போயிருக்கிறது. தேயிலையின் கடைசி வரிசை முடிகிற இடத்தில் குனிந்து சுள்ளி கட்டிக்கொண்டு இருந்தபோது பின்னால் வந்து பிடித்துவிட்டது. குனிந்திருக்கிற ஆளைத்தான் அது மிருகம் என்று நினைத்துப் பாயும் என்கிறார்கள். கொழுந்து பறிக்கிறவள், விறகு பொறுக்குகிறவள், காட்டோரம் ஒதுங்குகிறவள், எங்கள் பெண்களில் நாளெல்லாம் குனியாமல் இருக்கிறவள் யார்? அத்தையின் சுள்ளிக்கட்டும், செருப்பும், ரத்தமும் தேயிலைக்குள் கிடந்தது. உடம்பு காட்டுக்குள் கிடந்தது. இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

வனத்துறை ஆட்கள் வந்தார்கள். நாடா எடுத்தார்கள். நாடாவைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தாத்தா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்ததாம். அத்தையை அளக்கவில்லை. எல்லைக் கல்லிலிருந்து அத்தை கிடந்த இடம் வரைக்கும் அளந்தார்கள். நாற்பத்திரண்டு அடி. காப்புக்காட்டுக்குள் நாற்பத்திரண்டு அடி.

"சாமி, ரத்தம் எஸ்டேட்டுக்குள்ளதானுங்க ஆரம்பிக்குது. அங்கதான் புடிச்சிருக்குது" என்று அப்பா கெஞ்சியிருக்கிறார்.

"ரத்தத்துக்கெல்லாம் மகஜர்ல எடம் கெடையாதுய்யா. பொணம் எங்க கெடந்துச்சு, அதான் கணக்கு."

காப்புக்காட்டில் அத்துமீறி நுழைந்தபோது நேர்ந்த சாவு என்று எழுதிவிட்டார்கள். எஸ்டேட்டில் போய்க் கேட்டதற்கு, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேலை நேரத்தில் நடக்கவில்லை என்றார்கள். இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் அலைந்தோம். அரசாங்க ஆபீசில் இருக்கிறவன் நான், எனக்கே இந்தக் கதி. பிறகு விட்டுவிட்டோம்.

அந்தக் கோப்புக்காகத்தான் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை முதல் தடவையாகப் படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். அத்தைக்குப் பணம் கிடைக்க அதில் ஒரு வழியும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு.

இரண்டாவது பிரிவில், வேட்டை என்றால் என்ன என்று விளக்கம் சொல்லியிருந்தது. கொல்வது வேட்டை. விஷம் வைப்பது வேட்டை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது வேட்டை. அதற்காக விலங்கை விரட்டுவதும் வேட்டை. இரையைக் கட்டி வைத்து வரவழைப்பதையும் பிறகு சேர்த்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் முயற்சி செய்தாலே வேட்டைதான்.

விரட்டுவதும் வேட்டை. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியானால் எங்கள் தாத்தா வேட்டைக்காரர். எருமைக் கன்றைக் கட்டிவைத்தவர் வேட்டைக்காரர். சின்னத் தாத்தா வேட்டைக்காரர். துரை சுட்ட காலமெல்லாம் துரை மட்டும்தான் வேட்டைக்காரர். லைசென்ஸ் அவர் பேரில், போட்டோ அவர் பேரில், தகடு அவர் பேரில். வேட்டை குற்றம் என்று ஆன அன்றைக்கு எங்களையும் வேட்டைக்காரர்களாக எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்! தாத்தா அப்போது செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. புலியைச் சுடுவதற்கு 1970-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் 1972 சட்டம் முதலில் வந்தபோது மற்ற விலங்குகள் பலவற்றுக்கு லைசென்ஸ் முறை இருந்தது. லைசென்ஸ் வைத்திருக்கிறவர் கொன்றதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். கொன்றாலும், காயப்படுத்தினாலும் பதினைந்து நாளுக்குள், அல்லது அந்த இடத்தை விட்டுப் போவதற்கு முன்னால், அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1991 திருத்தத்தில் இந்த லைசென்சையும் பதிவேட்டையும் எடுத்துவிட்டார்கள். விலங்குக்குக் காயம் பட்டாலும் எழுத வேண்டும் என்கிற விதியைப் படித்துவிட்டு எங்கள் சின்னத் தாத்தாவின் தோளைப் பற்றி நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இது சின்னத்தனமான ஒப்பீடு என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும்.

புலித்தோல், புலிநகம் வைத்திருக்கிறவர்கள் சட்டம் அமலான முப்பது நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. கங்காணி வீட்டுப் பேரன்கள் கழுத்தில் புலிநகச் சங்கிலி போட்டுக்கொண்டுதான் என்னோடு படித்தார்கள். யாரும் அறிவித்த மாதிரி தெரியவில்லை. திடீரென்று ஒருநாள் சங்கிலி மட்டும் காணாமல் போனது. எங்கள் பாடியில் அறிவிக்க ஒன்றும் இல்லை. உரித்தவர் கையில் ஒரு நகமும் தங்கவில்லை.

பதினோராவது பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி எனக்கே இரண்டு மனசு.

முதல் அட்டவணையில் உள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது தேற முடியாதபடி நோயிலோ ஊனத்திலோ கிடக்கிறது என்றால், அதை வேட்டையாட அனுமதி கொடுக்கலாம். கொடுக்கிற அதிகாரம் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் ஒருவருக்குத்தான். கலெக்டர் கொடுக்க முடியாது, மந்திரி கொடுக்க முடியாது. எழுத்து மூலமாக, காரணத்தைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பிடிக்கவும் முடியாது, மயக்க ஊசி போடவும் முடியாது, வேறு இடத்தில் கொண்டுபோய் விடவும் முடியாது என்று அவர் திருப்திப்பட்டால் ஒழியக் கொல்லச் சொல்லக்கூடாது என்று 2002-இல் இன்னொரு வரம்பும் சேர்த்தார்கள். படிக்கும்போது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. ஒரு உயிரைக் கொல்வதற்கு முன்னால் ஏன் என்று எழுது என்கிறது. 1968-இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினவர்களை யாரும் காரணம் எழுதச் சொல்லவில்லை. புலிக்காவது இந்த மரியாதை கிடைத்ததே!

ஆனால் அதே பிரிவில் கொஞ்சம் கீழே வாருங்கள். தன்னையோ இன்னொருத்தரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தில் ஒரு விலங்கைக் கொன்றால், காயப்படுத்தினால் குற்றமில்லை. சரி. அப்படிச் செத்த விலங்கு அரசாங்கச் சொத்து. அதுவும் சரி. பிறகு ஒரு "ஆனால்" வருகிறது. அந்த நேரத்தில் இந்தச் சட்டத்தை மீறுகிற காரியம் எதையாவது செய்துகொண்டிருந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே சட்டமீறல்தான். சுள்ளி பொறுக்க உள்ளே கால் வைத்தவள் மேல் சிறுத்தை பாய்கிறது, கையில் வெட்டுக்கத்தி இருக்கிறது, வீசுகிறாள், அது சாகிறது என்று வைத்துக்கொள்வோம். பிழைத்து வந்தாலும் அவள் தன்னைக் காத்துக்கொண்டவள் இல்லை, வேட்டைக்காரி. இந்த "ஆனால்" யாரை மனசில் வைத்து எழுதப்பட்டது? கள்ள வேட்டைக்காரன், தற்காப்புக்காகச் சுட்டேன் என்று தப்பித்துவிடக்கூடாது என்பதற்காக இருக்கலாம். விழுவது யார் தலையில் என்பதுதான் என் கேள்வி.

அத்தைக்கு வெட்டுக்கத்தியை எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் மலையில் இந்த உத்தரவு பல தடவை வந்திருக்கிறது. 2014 ஜனவரியில் ஊட்டிப் பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள். 2015 பிப்ரவரியில் பிதர்காடு பக்கம் தேயிலைத் தொழிலாளிப் பெண் ஒருவரைக் கொன்ற புலியைச் சுட்டார்கள். 2016 மார்ச்சில் தேவர்சோலைப் பக்கம் இன்னொன்று. அது கொன்றது ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியை. எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்ட பிறகு, எங்கள் இடத்தில் குனிய வந்தவர்.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2013-இல் இதற்கெல்லாம் ஒரு நடைமுறை வகுத்துக் கொடுத்தது. ஊருக்குள் வந்த புலி எது என்று கேமரா வைத்து, வரியை ஒப்பிட்டு அடையாளம் காண வேண்டும். வரி என்பது புலிக்குக் கைரேகை மாதிரி. தற்செயலாகக் கொன்றதா, மனிதனையே தேடி வருகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குழு போட வேண்டும். அதில் வனத்துறை ஆள், ஆணையத்தின் ஆள், கால்நடை மருத்துவர், தொண்டு நிறுவனத்துக்காரர், உள்ளூர்ப் பஞ்சாயத்தின் பிரதிநிதி. கொல்வதற்குப் பரிசு அறிவிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. கச்சேரியில் சன்மானம் வாங்கின காலம் போய் இந்தக் காலம் வந்ததே பெரிய விஷயம்தான். பஞ்சாயத்தின் பிரதிநிதி என்று எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிக்கிற பெண் யாராவது போயிருக்கிறாளா என்று ஊரில் விசாரித்தேன். சிரித்தார்கள்.

புலி செத்துக் கிடந்தால், அதை முதலில் கள்ள வேட்டை என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. இல்லை, இயற்கையான சாவுதான் என்று அதிகாரி ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். அத்தை செத்துக் கிடந்தபோது முதலில் அத்துமீறல் என்றே எடுத்துக்கொண்டார்கள். இல்லையென்று நிரூபிக்கிற வேலை எங்கள் அப்பா தலையில் விழுந்தது. இரண்டு சாவுக்கும் ஒரே மாதிரி விதி வேண்டும் என்று கூட நான் கேட்கவில்லை. சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

2021-இல் டி-23 என்று ஒரு புலி. நான்கு பேரைக் கொன்றதாகச் சொன்னார்கள். கூடலூரில் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து, சுடு, சுடு என்றார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி வேட்டை உத்தரவு வந்தது. வழக்குப் போட்டார்கள். உடனே கொல்லக்கூடாது, உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கும்கி யானை, மோப்ப நாய், டிரோன் எல்லாம் வந்தது. அக்டோபர் 15-ஆம் தேதி மசினகுடிக் காட்டில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். மைசூர் என்றதும் எனக்கு வான் இங்கன் ஞாபகம்தான் வந்தது. அந்தக் கம்பெனியை மூடி வெகு காலம் ஆகிவிட்டது. இந்தப் புலி போனது வைத்தியத்துக்கு.

அந்தத் தேடலில் என் அக்கா மகனும் இருந்தான். வேட்டைத் தடுப்புக் காவலர் என்று பேர். தற்காலிக வேலை. தாத்தா வேட்டைக்குக் காடு கலைத்தார், கொள்ளுப்பேரன் வேட்டையைத் தடுக்கக் காடு சுற்றுகிறான். பேரில் இருக்கிற மாற்றம் பெரிய மாற்றம்தான். அவனோடு இருக்கிறவர்கள் யார் என்று கேட்டேன். குறும்பர், இருளர், பணியர், நம்ம பையன்கள் என்றான். வரிசையாகத்தான் நடப்பீர்களா என்று கேட்டேன்.

"ஆமா மாமா. ஆளுக்கு ஆள் கொஞ்சம் தள்ளி. பொதருக்குள்ள சத்தம் குடுத்துட்டே போவோம். துப்பாக்கி வெச்சிருக்கிற சார், டாக்டரெல்லாம் யானை மேல இருப்பாங்க, இல்லேன்னா வண்டியில."

"உன் கையில என்ன?"

"தடி."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவனுக்கு அது ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. புலியைப் பற்றித்தான் பேசினான். மூன்றாவது வாரம் ஒருநாள் முப்பதடி தூரத்தில் பார்த்தானாம். மெலிந்து, காயத்தோடு இருந்ததாம். "பாவமா இருந்துச்சு மாமா. சுட்டுருவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றான். அவன் கூட வேலை செய்கிற குறும்பப் பையன் ஒருவனுடைய உறவுக்காரரும் அந்த மாதத்தில் புலி அடித்துச் செத்திருந்தார். அவனும் சுட வேண்டாம் என்றுதான் சொன்னானாம். ரோட்டில் உட்கார்ந்து சுடச் சொன்னவர்களும் எங்கள் சனம்தான். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. காலையில் கூடையை மாட்டிக்கொண்டு போகிறவளுக்கு உத்தரவின் எழுத்து நடையைப் பற்றி என்ன கவலை?

புலி வேண்டுமா, தலித் வேண்டுமா என்று நம் நண்பர்கள் சிலர் மேடையில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. புலியைச் சுடச் சொல்லிக் கேட்டு நான் இதை எழுதவில்லை. புலிக்கு நடக்கிற விசாரணையில் ஒரு பாதி விசாரணை அத்தைக்கு நடந்திருந்தால், நாடாவை ரத்தத்திலிருந்து பிடித்திருப்பார்கள்.

போன மழைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாடிக்குப் பின்னால் தேயிலையில் ஒரு சிறுத்தை வந்து படுத்துவிட்டது என்று அக்கா மகனையும் இன்னும் நாலு பேரையும் ராத்திரி கூப்பிட்டு அனுப்பினார்கள். தகரம் தட்டி, வெடி போட்டு, விடிகிறதுக்குள் அதைக் காட்டுக்குள் தள்ளிவிட்டு வந்தார்கள். காலையில் டீயைக் குடித்துக்கொண்டே தன் நாட்குறிப்பை எழுத உட்கார்ந்தான். முழங்காலில் முள் கிழித்த ரத்தம் காய்ந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "சிறுத்தை நடமாட்டம் கண்காணிக்கப்பட்டது" என்று எழுதினான்.

"ராத்திரி பூரா வெரட்டுனீங்களே, வெரட்டுனோம்னு எழுதுடா" என்றேன்.

"அப்படி எழுதக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு மாமா. வெரட்டுனோம்னு எழுதுனா அது வேற கணக்குல வந்துருமாம்."

தேதியைப் போட்டு, கையெழுத்துப் போட்டு மூடி வைத்துவிட்டு, காலைக் கழுவப் போனான்.